சலாபத்து ராணியின் பதினேழாம் அத்தியாயம்

இது நடந்தது. நம்பாதவர்களை நம்பவைக்க எனக்கு ஆசை இல்லை. அவர்கள் நம்பி எனக்கு ஆகப்போவதும் ஒன்றுமில்லை. அப்படியும் சந்தேகம் தீராதவர்கள், தூத்துக்குடியிலிருந்து முத்தையாபுரம் போகிற வழியில் உப்பளங்களைத் தாண்டி இறங்கி, கடலோரத்தில் ஓடு சரிந்து கிடக்கும் அந்த வீட்டின் பின்னறையில் ஒரு மத்தியானம் மட்டும் தனியாக உட்கார்ந்துவிட்டு வரட்டும். அதற்குப் பிறகு பேசலாம். ராத்திரியில் போகவேண்டியதில்லை. ராத்திரியில் அங்கே ஒன்றும் கிடையாது. நடந்ததெல்லாம் பட்டப்பகலில், மண்டையைப் பிளக்கிற வெயிலில்தான் நடந்தது.

யுத்தம் முடிந்த கையோடு போன நூற்றாண்டுக் கதைகளுக்கு ஒரு மவுசு வந்தது ஞாபகம் இருக்கும். துரைமார்கள், ஜமீன்தார்கள், பாய்க்கப்பல், சாரட்டு வண்டி என்று எதைக் கிறுக்கினாலும் ஜனங்கள் வாங்கினார்கள். சோற்றுக்கு ரேஷன் கடையில் நின்றவர்கள்கூடப் புத்தகத்துக்குக் காசு வைத்திருந்தார்கள். அந்தச் சந்தையில் வந்து விழுந்ததுதான் ‘சலாபத்து ராணி’ என்ற நாவல். சலாபம் என்றால் முத்துக்குளிப்பு. நூறு வருஷத்துக்கு முந்திய தூத்துக்குடிச் சலாபத்தில் நடக்கிற காதல் கதை அது. ரயிலில் படித்தார்கள், கோயில் பிரகாரத்தில் படித்தார்கள். பிறந்த பெண்குழந்தைகளுக்குக் கதாநாயகியின் பேரை வைத்தார்கள். அதிலும் பதினேழாம் அத்தியாயம் என்றால் பெரிய பண்டிதர்களே எழுந்து நின்று கை தட்டினார்கள்.

எழுதியவர் செல்வதுரை என்று அட்டையில் போட்டிருக்கும். அட்டையில் மட்டும்தான்.

அந்த நாவலைத் தன் கையால் எழுதியவள் ஜீவமணி. நாசரேத்துக்காரி, டீச்சர் டிரெயினிங் முடித்தவள். புருஷன் ரங்கூனில் ஒரு மரக் கம்பெனியில் இருந்தான். ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு அவனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. நாற்பத்தாறாம் வருஷம், தூத்துக்குடியில் அச்சாபீஸ் வைத்திருந்த செல்லக்கனி அவளைக் கூப்பிட்டனுப்பினார். அவளுடைய கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

“மெட்ராஸ்ல இருந்து ஒரு எழுத்தாளரக் கூட்டியாந்திருக்கேன் டீச்சர். பேனா பிடிச்சா அவருக்கு விரல் வலிக்குமாம். அவரு சொல்லச் சொல்ல நீங்க எழுதணும்.”

“சொன்னா வாய் வலிக்காதா அண்ணாச்சி?”

“அது மட்டும் வலிக்கவே வலிக்காது. வந்து பாத்தீங்கன்னா தெரியும்.”

பார்த்தாள். தெரிந்தது.

செல்வதுரை ஆதிச்சநல்லூர்ப் பக்கத்தில் பிறந்த ஆள். பத்துப் பன்னிரண்டு வருஷம் சென்னையில் இருந்துவிட்டு, பெற்ற தாயின் பேச்சு முதற்கொண்டு எல்லாவற்றையும் அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு வந்திருந்தார். இந்தக் கரையில் அவருக்குப் பிடித்தது ஒன்றுமில்லை. மீன் நாறியது, ஜனங்கள் நாறினார்கள், ‘அங்கன’, ‘இங்கன’ என்று யாராவது பேசினால் காதைப் பொத்திக்கொண்டார். சலாபத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் செல்லக்கனி இரவல் வாங்கிக் கொடுத்த இரண்டு இங்கிலீஷ் புத்தகத்தில் இருந்ததுதான். அதிலும் பாதியைத்தான் படித்திருந்தார். கடலில் ஒருநாள் கால் நனைத்ததில்லை.

அவர் கேட்டபடி ஊருக்கு வெளியே தனி வீடு பிடித்துக் கொடுத்தார்கள். கடல்கல்லில் கட்டிய பழைய கட்டடம். ஒரு காலத்தில் சலாபத்துக் கிட்டங்கியாக இருந்ததாம். சரக்கு அடைக்கிற இடம். பிறகு யாரோ ஜன்னல் வைத்து, ஓடு போட்டு வீடாக்கியிருந்தார்கள். முன்னால் ஒரு கூடம், பின்னால் ஓர் அறை. பின்னறையில் சாய்வு நாற்காலியில் செல்வதுரை படுத்துக்கொள்வார். கதவை ஒருக்களித்து வைக்கச் சொல்வார். கூடத்து மேஜையில் ஜீவமணி எழுதுவாள். இது எதற்கு என்று அவள் முதல்நாள் கேட்டாள்.

“உன் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே காதல் காட்சி சொல்ல முடியுமா என்னால்? கற்பனை வற்றிவிடும்” என்றார்.

அப்படித்தான் தினமும் காலையிலிருந்து சாயங்காலம் வரை கதவுக்கு அப்பாலிருந்து குரல் மட்டும் வரும். அவள் எழுதுவாள். கடற்கரை மணலில் வெள்ளிச் சலங்கையோடு ஆடுகிற ராணி. ஒரே மூச்சில் கால் நாழிகை தண்ணீருக்குள் இருந்து காதல் வசனம் நினைக்கிற கதாநாயகன். அந்தக் கண்ராவியை முத்து முத்தான எழுத்தில் எழுதுகிற தன் விரல்களைப் பார்த்து ஜீவமணிக்கு அருவருப்பாக இருக்கும். ஆனாலும் எழுதினாள். வேறு வழி இருந்தால் யார் எழுதுவார்கள்?

பதினாறாம் அத்தியாயத்துக்கு வந்தபோது செல்வதுரைக்கு நகைச்சுவை பண்ண ஆசை வந்துவிட்டது.

முத்துச் சிப்பியை உடனே திறக்கமாட்டார்கள். வேலி அடைத்த இடத்தில் குவித்து, அழுகவிட்டு, கழுவித்தான் முத்தெடுப்பார்கள். மூழ்கிச் சிப்பி அள்ளுகிறவனைக் குளியாளி என்பார்கள். தோணியிலேயே சிப்பியைத் திறந்து முத்தை விழுங்கிவிட்டான் என்று ஒரு குளியாளி மேல் சந்தேகம் வந்தால், அறையில் போட்டு அடைத்து விளக்கெண்ணெய் கொடுப்பார்கள். இதை இங்கிலீஷ் புத்தகத்தில் படித்த அன்றைக்கு செல்வதுரைக்குக் கொண்டாட்டம். அத்தியாயம் முழுக்கக் குளியாளிகளின் வயிறும் பேதியும்தான்.

“எழுது. ‘கழுதைக்கும் குளியாளிக்கும் வித்தியாசம் உண்டு. கழுதையின் விட்டையில் முத்து கிடைக்காது.’ எழுதினாயா? ஏன், உனக்குச் சிரிப்பு வரவில்லையா?”

“எழுதிட்டேன் சார்.”

“மரக்கட்டை” என்றார் கதவுக்குப் பின்னாலிருந்து. பிறகு வெகு நேரம் தானே சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள்தான் அந்த நாற்றம் வந்தது.

உச்சிப்பொழுது. காற்று நின்றுபோயிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து சமைத்துப் போடுகிற சண்முகத்தாய் சட்டியோடு கூடத்தில் நுழைந்தவள் அப்படியே நின்றாள். மூக்கை உறிஞ்சினாள்.

“டீச்சர்... சிப்பி நாத்தம்லா இது.”

“மீனா இருக்கும்.”

“மீன் நாத்தம் எனக்குத் தெரியாதா? இது சிப்பி அழுகுத நாத்தம். சின்னப் பிள்ளையில சலாபத்தப்ப மோந்திருக்கேன். வாந்தி வரும்.” சட்டியை மேஜையில் வைத்துவிட்டுப் பின்வாங்கினாள். “சலாபம் நின்னு இருவது வருசமாச்சே டீச்சர். எங்கன இருந்து வருது?”

எங்கிருந்து என்று ஜீவமணிக்குத் தெரிந்தது. பின்னறைக் கதவின் இடுக்கிலிருந்து வந்தது. ஈக்கள் அங்கேதான் மொய்த்தன. ஆனால் செல்வதுரை வெளியே வந்து, இலை முன்னால் உட்கார்ந்து, மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். மீன் நாறுகிறது, ஜனங்கள் நாறுகிறார்கள் என்று ஓயாமல் மூக்கைச் சுளிக்கிற மனிதருக்கு அந்த நாற்றம் மட்டும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அவள் எழுதினதை வாங்கிப் படித்தவர் கத்தினார்.

“இது என்ன? ராணி தோழியோடு பூப்பறிக்கிறாள். நடுவில், ‘கதவைத் திற, மூச்சு முட்டுது’ என்று எழுதியிருக்கிறாய். யார் சொன்னது?”

“நீங்கதான் சார் சொன்னீங்க.”

“முட்டுதாம், முட்டுது! நானா இப்படிக் கொச்சையாகச் சொல்வேன்?”

அவளுக்கும் அதுதான் சந்தேகம். ஆனால் காதால் கேட்டாள். அவருடைய குரல்தான். பூக்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்து, அதே குரலில், சற்றே மெதுவாக...

“உங்க குரல்ல கேட்டேன் சார்.”

“காதைக் கழுவு” என்று தாளைக் கிழித்து எறிந்தார்.

அடுத்த நாளும் நடந்தது. அதற்கடுத்த நாளும். விருந்து வர்ணனைக்கு நடுவில், ‘யாராவது இருக்கீங்களா.’ ராணியின் கல்யாணப் புடவைக்கு நடுவில், ‘எல்லாரும் போயிட்டாங்களா.’ இரண்டு தரம் அவளைப் பைத்தியம் என்றார். மூன்றாம் தரம், புருஷன் போன ஏக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று செல்லக்கனியிடமே சொன்னார். ஜீவமணி பல்லைக் கடித்துக்கொண்டாள். அந்த மனிதன் மேல் அதற்குமுன் அவளுக்கு இளக்காரம் மட்டும்தான் இருந்தது.

பிறகு அந்தத் திங்கட்கிழமை.

காலையில் அவள் வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. பின்னறைக் கதவு வழக்கம்போல ஒருக்களித்திருந்தது. சண்முகத்தாய் உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். ஜீவமணி தாளை எடுத்துவைத்து, மைக்கூட்டைத் திறந்துவைத்துக் காத்திருந்தாள். அவர் நேரம் கழித்துத் தொடங்குவது புதிதல்ல. வெயில் ஏறியது. காற்று நின்றது. நாற்றம் வந்தது.

“பதினேழாம் அத்தியாயம்” என்றது குரல்.

அவள் எழுதினாள்.

“அவனை அறைக்குள் தள்ளி வெளியே தாழ் போட்டுப் பூட்டினார்கள். இரண்டு நாளில் விட்டுவிடுவோம் என்றார்கள். மறுநாள் விடியுமுன் கரையில் வாந்திபேதி கண்டது. ஒரு கூடாரத்தில் ஒருவன் விழுந்தான். அடுத்த கூடாரத்தில் மூவர் விழுந்தார்கள். உச்சிக்குள் சலாபமே கலைந்தது. தோணிகள் போயின. வண்டிகள் போயின. வியாபாரிகள் போனார்கள், சிப்பாய்கள் போனார்கள், நாய்கள்கூடப் போயின. சாவி வைத்திருந்தவன் எல்லாருக்கும் முன்னால் போனான்.”

பேனா தானாக ஓடியது. சலங்கை இல்லை, நிலா இல்லை. இந்த ஆளுக்கு இப்படியும் சொல்ல வருமா என்று நினைத்துக்கொண்டே எழுதினாள்.

“அவன் தட்டினான். ஆள் வரும் என்று முதலில் மெதுவாகத் தட்டினான். வேலிக்குள் சிப்பி அழுகிக்கொண்டிருந்தது. ஈக்கள் வந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் கடல் அடித்துக்கொண்டே இருந்தது. அவ்வளவு தண்ணீர். சுவரை நக்கினான். கடல்கல் உப்புக் கரித்தது. நாக்கு வெடித்தது...”

குரல் நின்றது.

“நாக்கு வெடிச்சது எனக்கு.”

ஜீவமணி பேனாவைத் தூக்கினாள்.

“‘எனக்கு’ன்னு எழுதவா சார்?”

“எழுது.”

எழுதினாள். அந்த நேரத்தில்தான் வாசலில் குதிரை வண்டிச் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வண்டியிலிருந்து ஒரு மனிதர் இறங்கி வண்டிக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

“இந்த நொண்டிக் குதிரைக்கு இவ்வளவு திமிரா உனக்கு?”

செல்வதுரை.

உள்ளே குரல் சொல்லிக்கொண்டிருந்தது.

“ஆறு நாள் ஆச்சு. அப்புறம் நான் எண்ணல.”

வெளியேயும் அந்தக் குரல். உள்ளேயும் அந்தக் குரல்.

அவள் பேனாவைக் கீழே வைக்கவில்லை. செல்வதுரை படியேறி வந்தார். ராத்திரி செல்லக்கனி வீட்டு விருந்தில் தங்கிவிட்டதாக ஏதோ சொல்லிக்கொண்டே வந்தவர், பாதியில் நிறுத்தினார். தன் குரல் தனக்கு முன்னால் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டார்.

முகம் வெளுத்தது. வாய் திறந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷமாக அந்த வாயில் வராத பேச்சு வந்தது.

“ஏளா... யாரு அங்கன?”

பிறகு, கதவுக்குப் பின்னாலிருந்து... தெளிவாக...

“நான் முத்த முழுங்கல. எழுது.”

ஜீவமணி அதையும் எழுதினாள். செல்வதுரை காலால் கதவைத் தள்ளினார்.

அறையில் யாருமில்லை.

சாய்வு நாற்காலியின் துணி ஆள் கிடப்பதுபோலத் தொய்ந்திருந்தது. இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மெல்ல... மெல்ல... மேலே எழும்பியது.

வேறு யாராக இருந்தாலும் அந்த நிமிஷமே மூட்டை கட்டியிருப்பார்கள். செல்வதுரையும் வெளியே ஓடித்தான் போனார். வாசலுக்கு எதிரே நின்ற முள் உடை மரத்தடியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். வண்டிக்காரனின் பீடியை வாங்கிக் குடித்தார். ஜீவமணி தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் கையை நீட்டினார்.

“அதைக் கொடு.”

படித்தார். படிக்கப் படிக்க முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. இரண்டாம் தடவை படித்தார். பயந்த முகம் போய், சந்தையில் நல்ல மாட்டைப் பார்த்த தரகனுடைய முகம் வந்தது.

“பிரமாதமாக இருக்கிறதே” என்றார்.

அன்றைக்கே செல்லக்கனி வீட்டு மாடிக்கு ஜாகை மாற்றிக்கொண்டார். மீதிக் காதலை அங்கே முடித்தார். பதினேழாம் அத்தியாயத்தில் ‘எனக்கு’ என்று வந்ததையெல்லாம் ‘அவனுக்கு’ என்று மாற்றினார். வேறெதிலும் கை வைக்கவில்லை, ‘நான் முத்த முழுங்கல’ என்ற கடைசி வரியைத் தவிர. அதை அடித்துவிட்டு, தன் கையால், விரல் வலிக்காமல், இப்படி எழுதினார்: ‘மாதங்கள் கழித்துக் கதவைத் திறந்தபோது, அந்தத் திருடனின் எலும்புகளுக்கு நடுவே ஒரு முத்து பளபளத்தது.’

ஜீவமணி அதைப் பார்த்தாள்.

“அவன் முழுங்கலன்னு சொன்னான் சார். அதுக்குத்தான் வந்தான். வேற எதுக்கும் வரல.”

“முத்து இல்லாமல் கதை எப்படி முடியும்? படிக்கிறவன் என்ன பைத்தியக்காரனா?”

“பாவம் சார் அது.”

“செத்துப்போன பயல் கேஸ் போடவா போகிறான்?” என்று சிரித்தார்.

கேஸ் ஒன்றும் வரவில்லை. சுதந்திரம் வந்த வருஷம் புத்தகம் வந்தது. அதற்குப் பிறகு நடந்த கூத்து எல்லாருக்கும் தெரியும். ஊர் ஊராகக் கூட்டம், மாலை, பொன்னாடை. ஒவ்வொரு மேடையிலும் பதினேழாம் அத்தியாயத்தை வாசிக்கச் சொன்னார்கள். செல்வதுரை கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். எலும்புக்கு நடுவே முத்து பளபளத்ததும் ஜனங்கள் கை தட்டினார்கள். அந்த அறையின் தாகத்தை எப்படி உணர்ந்தீர்கள் என்று ஒரு பத்திரிகைக்காரர் கேட்டதற்கு, “தவம்” என்று பதில் சொன்னாராம்.

ஜீவமணிக்கு அதற்குள் நாசரேத்திலேயே பள்ளிக்கூட வேலை கிடைத்துவிட்டது. சக டீச்சர் ஒருத்தி அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு, “நல்லா வேணும் திருட்டுப் பயலுக்கு” என்றாள். அன்றைக்கு ஜீவமணியால் சாப்பிட முடியவில்லை. அந்தக் குரல் அவளை நம்பித்தான் சொன்னது. அவள் கையெழுத்தில்தான் ‘முழுங்கல’ என்ற வரி முதலில் விழுந்தது. இப்போது ஊரெல்லாம் அவனைத் திருடன் என்கிறது.

இதற்கிடையில் செல்வதுரை இரண்டாவது நாவலைத் தொடங்கியிருந்தார். மறுபடி சலங்கை, மறுபடி நிலா. நாலு அத்தியாயம் படித்த செல்லக்கனியே தாளைக் கீழே வைத்துவிட்டார். “பதினேழு மாதிரி ஒண்ணு வேணும் சார்” என்றார். பதினேழு எங்கே கிடைக்கும் என்று செல்வதுரைக்குத் தெரியும். நாற்பத்தெட்டாம் வருஷம் சித்திரையில் நாசரேத்துக்கு ஆள் அனுப்பினார். ஒரே ஒரு நாள் வந்தால் போதும். இரண்டாம் பதிப்பு வரப்போகிறது. அவள் சொல்கிறபடி கடைசி வரியை மாற்றித் தருகிறேன் என்று சொல்லியனுப்பினார்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் போனாள்.

காலையில் அந்தப் பழைய கடலோர வீட்டு வாசலில் செல்வதுரை காத்திருந்தார். உடம்பு பெருத்திருந்தது. பட்டு ஜிப்பா. ஒரு பாட்டில் கலர் சோடா குடித்துக்கொண்டிருந்தார். அவள் முன்னாலேயே கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்து ஏப்பம் விட்டார். சண்முகத்தாய் கொல்லைப்புறச் சமையல் கொட்டகையில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள்.

“நீ எழுதவேண்டாம்” என்றார். “மேஜையில் நான் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறேன். நீ சும்மா கூடத்தில் இரு. உன்னை வைத்துத்தானே அவன் வந்தான்?”

“முதல்ல அந்த வரிய மாத்துங்க சார். நான் பாக்கணும்.”

அவர் சிரித்தார். பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து மேஜையில் போட்டார். புது அட்டை. இரண்டாம் பதிப்பு. அச்சாகி முடிந்திருந்தது. ஜீவமணி பதினேழாம் அத்தியாயத்தின் முடிவைப் புரட்டினாள். முத்து பளபளத்தது.

“இதுக்குத்தான் என்னக் கூப்பிட்டீங்களா?”

“உட்கார். மூன்றாம் பதிப்பில் பார்க்கலாம்.”

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபம்கூட வரவில்லை. காலில் ஒட்டின சேற்றைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

“நீங்களே இருங்க” என்றாள். “அவன் வந்தா நீங்களே பேசிக்கோங்க.”

வெளியே இறங்கினாள். ஜன்னல்களெல்லாம் திறந்திருந்தன. வாசல் கதவு அகலத் திறந்திருந்தது. கூடத்திலிருந்து பார்த்தால் பின்னறைக் கதவும் முழுக்கத் திறந்து, அதற்கப்பால் ஜன்னலும், ஜன்னலுக்கப்பால் கடலும் தெரிந்தன. செல்வதுரை பேனாவை எடுத்துக்கொண்டு பின்னறையைப் பார்த்து நக்கலாகக் கூப்பிடுவது கேட்டது.

“வாருமய்யா திருடரே! மீதியைச் சொல்லும்!”

அவள் உடை மரத்தைத் தாண்டினாள்.

பின்னால் குரல் தொடங்கியது. செல்வதுரையின் குரல். நிதானமாக, ஏற்ற இறக்கமாக, சொல்லிக்கொண்டே போனது.

திரும்பிப் பார்த்தாள்.

ஜன்னலில் செல்வதுரை தெரிந்தார். தலையைக் குனிந்து, வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு.

வாய் மூடியிருந்தது.

ஜீவமணி அதற்குப் பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. நேரே அச்சாபீஸுக்குப் போய், நடந்ததைச் செல்லக்கனியிடம் சொன்னாள். அவர் அவளை உட்காரவைத்துச் சோடா வாங்கிக் கொடுத்தார். “அவரு காலைல எங்க வீட்லதான் இட்லி தின்னுட்டு, ரெண்டு டம்ளர் காப்பி குடிச்சிட்டுப் போனாரு. ஒண்ணும் ஆயிருக்காது, நீங்க பயப்படாதீங்க” என்றார். ஆனால் அவர் முகமும் சரியில்லை. வேலையை முடித்துக்கொண்டு, சாயங்காலம் வெயில் தாழ்வதற்குள் இருவரும் வண்டியில் புறப்பட்டார்கள்.

பாதி வழியில் சண்முகத்தாய் எதிரே ஓடிவந்தாள். தலை அவிழ்ந்திருந்தது.

“அண்ணாச்சி... கதவு தட்டுத சத்தம் கேட்டுது. மரக்கதவ இடிக்க மாதிரி... டம் டம்முன்னு. என்னமோன்னு கொட்டகைல இருந்து ஓடிப்போயிப் பாத்தேன்.”

“யாரு தட்டுனது?”

“அந்த சாருதான். பின்னறைக்குள்ள நிக்காங்க. கதவு தெறந்து கெடக்கு அண்ணாச்சி! தெறந்த வாசல்ல நின்னுக்கிட்டு... ரெண்டு கையாலயும் வெறுங்காத்தத் தட்டுதாங்க.”

“என்ன சொல்லுதே நீ?”

“சத்தம் கேக்குது அண்ணாச்சி... மரத்துல தட்டுன சத்தம் கேக்குது! சார், சார்ன்னு கூப்பிட்டேன். மொகத்துக்கு நேரா நிக்கேன். என்னப் பாக்கல. யாராவது இருக்கீங்களான்னு கேக்காங்க...”

அவள் அழ ஆரம்பித்தாள். வண்டியில் ஏற மறுத்துவிட்டாள்.

அவர்கள் போனபோது சத்தம் நின்றிருந்தது.

வாசல் கதவு திறந்திருந்தது. பின்னறைக் கதவு திறந்திருந்தது. கடற்காற்று வீடு முழுக்க வீசிக்கொண்டிருந்தது. மேஜையில் தாள்கள் அப்படியே வெள்ளையாக இருந்தன. ஓர் எழுத்து இல்லை.

செல்வதுரை பின்னறை வாசற்படிக்கு உள்பக்கம், ஒரு கை நீளத்தில், குப்புறக் கிடந்தார்.

வெளியே வர ஓர் அடி.

விரல் நகங்கள் பிய்ந்திருந்தன.

செல்லக்கனி குனிந்து புரட்டினார். உடனே கையை எடுத்துக்கொண்டார். பட்டு ஜிப்பா தொளதொளவென்று கிடந்தது. உள்ளே ஆள் பாதிதான் இருந்தார். கன்னம் ஒட்டிக் கண் உள்ளே போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் வயதான டாக்டர் ஒருவர் உடம்பைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். வெளியே வந்து கையைக் கழுவினார். துடைத்துக்கொண்டே கேட்டார்.

“இவரு கடைசியா எப்ப தண்ணி குடிச்சாரு?”

“இன்னைக்குக் காலைல ஒரு கலர் குடிச்சாரு” என்றாள் ஜீவமணி. “நான் நேர்ல பாத்தேன்.”

“எங்க வீட்ல ரெண்டு டம்ளர் காப்பி குடிச்சாரு” என்றார் செல்லக்கனி.

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் வந்த வெறுப்பை ஜீவமணி அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை.

“ஏம்மா, முப்பது வருஷமா நான் பொணம் அறுக்கேன். எங்கிட்டயே பொய் சொல்லுதீங்களா?” என்றார். “நாக்கு வெடிச்சுக் கெடக்கு. சிறுநீரகம் காஞ்சு போயிருக்கு. இந்த உடம்புல தண்ணி பட்டு ஆறு நாளாவது இருக்கும்.”

துண்டை மடித்து வைத்தார்.

“உண்மையச் சொல்லுங்க. யாரு இவர அடைச்சு வச்சிருந்தது?”